ஒற்றைக் காலில் நின்ற பாப்பா

அந்தத் துணிக்கடையில் வேலை செய்யும் பெண்கள் கைபேசியைக் கீழ் வாசலிலேயே ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் மாடியேற வேண்டும். வீட்டில் தீப்பிடித்தாலும் செய்தி மேற்பார்வையாளரின் தொலைபேசி வழியாகத்தான் வரும். அதனால் அவர் தன் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து விரலால் யாரையாவது கூப்பிட்டால், மாடியில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் கை ஒரு கணம் நிற்கும். பிறகு, அப்பாடா நமக்கில்லை என்று மறுபடி வேலையைத் தொடங்கும், ஒருத்தியைத் தவிர.

அன்றைக்கு விரல் குழந்தைகள் உடைப் பிரிவைக் காட்டியது.

"ஏம்மா, உன் பொண்ணு ஸ்கூல்ல இருந்து போன். சீக்கிரம் பேசிட்டு வை. கஸ்டமர் நிக்கிறாங்க."

கையிலிருந்த குட்டிச் சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் அவள் நகர்ந்தாள். பழகிப்போன கை. கடைக்குள் யாரும் ஓடக் கூடாது என்பதும் பழகிப்போனதுதான். வேகமாக நடந்து போய் ரிசீவரை எடுத்தாள்.

"பாப்பாவோட அம்மாவா? நான் விளையாட்டு டீச்சர் பேசறேன். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்ற சொல்லைக் கேட்டபின் பயப்படாமல் இருந்த தாய் எந்த ஊரிலும் இல்லை.

"என்ன ஆச்சு டீச்சர்? விழுந்துட்டாளா?"

"விழவெல்லாம் இல்ல. விழுந்தாக்கூடப் பரவாயில்லம்மா. நீங்க நேர்ல வாங்க. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

சாப்பாட்டு இடைவேளையில் போய் வரலாம் என்று அனுமதி கிடைத்தது. அவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடின. பந்து போன பக்கமெல்லாம் கூட்டமும் போனது. மதில் சுவரை ஒட்டிய நிழலில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் தனியாக நின்றது. அவளுடைய ஏழு வயதுப் பாப்பா. ஒரு காலை மடக்கித் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றாள். முகத்தில் அழுகை இல்லை, கோபம் இல்லை. அதுதான் பெற்றவளை இன்னும் பயமுறுத்தியது.

"உக்காருங்கம்மா" என்றார் டீச்சர், மரத்தடி பெஞ்சைக் காட்டி.

"இருக்கட்டும் டீச்சர்."

"பாத்தீங்கல்ல? பெல் அடிச்சதுல இருந்து அடுத்த பெல் அடிக்கிற வரைக்கும் அங்கயேதான். ஒரு காலைத் தூக்கிக்குவா, அப்புறம் மாத்திக்குவா. ஏன் ஓடலன்னு கேட்டா, கால் வலிக்குது, முழங்காலுக்குக் கீழ விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்கிறா. ஏழு வயசுக் குழந்தை பேசற பேச்சா அது? எனக்கு என்னமோ சரியாப் படல. டாக்டர்ட்ட காட்டிடுங்க. அது வரைக்கும் நான் ஓடுன்னு கட்டாயப்படுத்த மாட்டேன்."

திரும்பி வரும் பேருந்தில் இடம் காலியாக இருந்தும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். விண்ணு விண்ணுனு தெறிக்குது. இந்த வலி பிள்ளைக்கு எப்போது வந்தது? தனக்கு எப்படித் தெரியாமல் போனது?

*

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, ஆனால் அவள் நிற்கவில்லை. அச்சகத்தில் தாள் மடித்தாள். மருந்துக் கிடங்கில் அட்டைப் பெட்டி ஒட்டினாள். இரண்டும் தரையில் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு துணிக்கடைக்கு வந்தாள். குளிர்சாதனம், சீருடை, கண்ணாடி மாதிரித் தரை. பெரிய முன்னேற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள். கடை திறந்ததிலிருந்து தெருவிளக்கு எரிகிற நேரம் வரை உட்காரவே கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதி ஒட்டப்படவும் இல்லை. நாற்காலி போடாமல் விட்டால் போதும், விதி தானாக நடந்துவிடும். அந்த மாடியில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி, கண்ணாடி அறைக்குள். அதில் மேற்பார்வையாளர் உட்கார்ந்து, யாராவது அலமாரியில் சாய்கிறார்களா என்று திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கேமரா.

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். அவன் பாடு நேர்மாறு. ஏறி உட்கார்ந்தால் கடைசி நிறுத்தம் வரை எழுந்திருக்க முடியாது. இடுப்பு வலியும் தொப்பையும் அந்த இருக்கையிலேயே வளர்ந்தன. "உனக்கு உக்காரக் கூடாது, எனக்கு எழுந்திருக்கக் கூடாது. நம்ம ரெண்டு பேரையும் கலக்கி அடிச்சா ஒரு நல்ல மனுஷன் கிடைப்பான்" என்பான். மாலையில் அவன் சோபாவில் சரிவான். அவள் தரையில் படுத்துக் கால்களைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். பள்ளி விட்டதிலிருந்து பாப்பாவைப் பார்த்துக்கொள்பவர் அவர்களோடு இருக்கும் அவனுடைய அக்கா. பாப்பாவுக்கு அத்தை. தங்கமான மனுஷி, ஆனால் பிள்ளை வேகமாக இரண்டடி வைத்தாலே பதறுவார்.

அந்தப் பதற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அன்று மாலை டீச்சர் சொன்னதைக் கேட்டதும் அத்தை அப்படியே கதவோரம் சரிந்து உட்கார்ந்தார்.

"சின்னவனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

 சின்னவன் என்றால் அத்தைக்கும் ஓட்டுநருக்கும் தம்பி. ஒன்பது வயதில் எலும்பில் புற்று வந்து போனவன். கூடத்தில் அவன் படம் இல்லை. பார்க்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

"ஓடும்போது விழுந்தான். எழுந்து, கால் வலிக்குதுக்கான்னான். அவ்வளவுதான். அதுல இருந்து எழுந்திருக்கவே இல்ல. நான் தினம் தினம் இவகிட்ட ஓடாதே ஓடாதேன்னு சொல்றது எதுக்கு? எவ கண்ணு பட்டுச்சோ..."

"கண்ணும் இல்ல மூக்கும் இல்ல, நீ சும்மா இருக்கா" என்றான் ஓட்டுநர். அதட்டியவன் பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது அவள் இரண்டு கால்களையும் கையால் அளந்தாள். ஒன்று தடித்திருக்கிறதா? சூடாக இருக்கிறதா? அழுத்திப் பார்த்தாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்லம்மா, கூசுது."

"இங்க?"

"இப்ப வலிக்காதும்மா" என்றாள் பாப்பா, தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல.

இப்ப வலிக்காது என்றால் எப்போது வலிக்கும்? கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தாள். பதில் சின்னவனின் கதையில் போய் முட்டிவிடுமோ என்று பயந்தாள். பயம் அப்படித்தான். வேண்டாத கேள்விகளை நூறு தடவை கேட்க வைக்கும், வேண்டிய ஒரு கேள்வியை விழுங்க வைக்கும்.

தெருமுனை டாக்டர் இரத்தம் எடுக்கச் சொன்னார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முடிவு வரும் வரை அவள் கடையில் சட்டை மடித்தாள். "என்ன வயசு மேடம்? ஏழா? இந்த சைஸ் சரியா இருக்கும். பிள்ளைங்க ஓடியாடுற வயசு, கொஞ்சம் லூசா எடுத்துக்கங்க" என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். சொல்லிவிட்டு அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பக்கத்து மேசையில் பனியன் விற்பவளுக்கு வானொலி என்று பெயர்; வாய் மூடி யாரும் பார்த்திராத அந்தப் பெண்கூட அன்று ஒன்றும் பேசாமல் வந்து, சட்டையை வாங்கி, தானே பில் போட அனுப்பினாள்.

முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது.

சந்தோஷம் ஒரு மாலை கூட நிலைக்கவில்லை. "சின்னவனுக்கும் முதல்ல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றார் அத்தை. பாப்பா மைதானத்தில் நிற்பதும் நிற்கவில்லை.

*

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு எலும்பு பார்க்கும் டாக்டர் ஒரு பெண். நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா."

"இருக்கட்டும் டாக்டர்."

ஓட்டுநர் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி காலி. அவள் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பாப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, முழங்காலைத் தட்டி, பாதத்தைத் திருப்பி, முதுகை நீவிப் பார்த்தார். பிறகு இத்தனை நாள் யாருமே கேட்காததைக் கேட்டார்.

"குட்டி, கால் எப்ப வலிக்கும்?"

"கடை விட்டதும்."

டாக்டர் நிமிர்ந்தார். "எந்தக் கடை?"

"என் கடைதான். முதல்ல வலிக்காது. நின்னு நின்னு அப்புறமா வலிக்கும். பெல் அடிச்சா கடை விட்டுடும். அப்ப விண்ணு விண்ணுனு தெறிக்கும். முழங்காலுக்குக் கீழ காலே இல்லாத மாதிரி இருக்கும்."

"கடையில என்ன பண்ணுவே? எனக்குக் காட்டு பாப்போம்."

பாப்பா கட்டிலிலிருந்து இறங்கினாள். சுவரோரம் போய் நின்றாள். வலது காலைச் செருப்பிலிருந்து உருவி மடக்கி, பாதத்தை இடது காலின் கெண்டைச்சதையில் வைத்து அழுத்திக்கொண்டாள். கைகள் இரண்டும் இடுப்பு உயரத்தில் இல்லாத ஒரு சட்டையை மடித்தன. முகத்தில் ஒரு புன்னகை வந்தது. ஏழு வயதில் யாருக்கும் வரக் கூடாத புன்னகை. சம்பளத்துக்குச் சிரிக்கிற புன்னகை.

"வாங்க மேடம், என்ன சைஸ் பாக்குறீங்க?"

ஓட்டுநர் சிரித்துவிட்டான். பாதிச் சிரிப்பில் அவன் வாய் நின்றது. மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். "ஏய்... இது நீடீ."

நாற்காலி முதுகைப் பிடித்து நின்றிருந்த அவளுடைய ஒரு கால் அப்போதும் தரையில் இல்லை.

மேசைக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி ஒற்றைக் காலில் நிற்பதை வைத்துத்தான் வானொலி அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தாள். கடை முழுக்க அந்தப் பெயர்தான். தன் நிற்பைத் தானே வெளியிலிருந்து பார்த்தவர் யார்? பிள்ளை அதை அப்படியே மைதானத்தில் நிறுத்தியபோது பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒரு நாள் அத்தைக்குக் காய்ச்சல் வந்ததும், பள்ளி விடுமுறையாக இருந்ததும், கேமராவிடம் கெஞ்சிப் பாப்பாவைக் கடைக்குக் கூட்டிப் போனதும் அப்போது அவளுக்கு நினைவு வந்தது. "ஓடக் கூடாது, உக்காரக் கூடாது, அம்மா மாதிரி சமத்தா நிக்கணும்." பாப்பா நாள் முழுக்க மேசைக்குப் பின்னால் பக்கத்திலேயே நின்றாள். பெண்கள் வந்து வந்து கன்னத்தைக் கிள்ளினார்கள். எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு சமத்து. அதுவரை யாரும் பாப்பாவை அவ்வளவு பாராட்டியதில்லை. மைதானத்தில் பிள்ளை விளையாடாமல் இருக்கவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே விளையாட்டை, பெரியவர்கள் செய்யும் வேலையை, ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. மாலையில் வீட்டில் அம்மா புலம்பக் கேட்ட வலியையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டது.

"பாப்பாவுக்கு நோய் எதுவும் இல்ல" என்றார் டாக்டர். "எலும்பு அருமையா இருக்கு. உங்க தம்பி பத்திச் சொன்னீங்கல்ல சார்? விழுந்ததால அந்த நோய் வராது. ஏற்கெனவே வந்திருந்தது, விழுந்தப்ப தெரிஞ்சிருக்கும். அதை உங்க அக்காகிட்ட நல்லா எடுத்துச் சொல்லுங்க. பிள்ளைங்க நாம சொல்றதைக் கேக்காது, நாம பண்றதைப் பண்ணும். நீங்க ரெண்டு பேரும் ஓடியாடி இருந்தா இவளும் ஓடியாடுவா."

ஆறுதலில் கண் நிறைந்த அவள் அடுத்த கணமே நாற்காலி முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"ஓடியாடியா? டாக்டர், நான் நாள் பூரா உழைக்கிறேன். நாள் பூரா நிக்கிறேன்."

"நிக்கிறது வேற, அசையறது வேறம்மா. நின்னுட்டே இருந்தா ரத்தம் கால்லயே தங்கிடும். எங்க, காட்டுங்க."

அவள் கணுக்காலுக்கு மேல் துணியை விலக்கினாள். நீல நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, கயிறு சுற்றியது போல ஏறின. ஓட்டுநர் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டான்.

"கடையில ஒரு ஸ்டூல் போட மாட்டாங்களா?" என்றார் டாக்டர்.

"பொம்மைக்குக்கூட முதுகுல ஒரு கம்பி முட்டுக் குடுத்திருக்காங்க டாக்டர். எங்களுக்கு அதுவும் இல்ல."

டாக்டரிடம் அதற்கு மருந்து இல்லை. அவர் சொன்ன புத்திமதியில் தவறும் இல்லை. பெற்றவர்கள் அசைந்தால் பிள்ளைகளும் அசையும் என்பது கண்ணால் காணும் உண்மை. ஆனால் ஒரு பெண்ணின் கால்களை நாள் முழுக்க வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புகிறவனுக்கு அந்தப் புத்திமதியை யாரும் சொல்வதில்லை. மிச்சமாக வருகிறவளிடம் சொல்லி அனுப்புகிறார்கள். அவளும் குற்றவாளி மாதிரித் தலையாட்டிவிட்டு வருகிறாள்.

*

முதலில் அவள் பொய் சொல்லிப் பார்த்தாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கால்களைச் சுவரில் வைக்காமல், முகத்தைக் கழுவிக்கொண்டு, "வா பாப்பா, தெருவுல ஓடலாம்" என்றாள்.

பாப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தாள்.

"வலிக்கலியா?"

"இல்லடா கண்ணு. சுத்தமா வலிக்கல."

"பொய்" என்றாள் பாப்பா. "கட்டை விரலைச் சுருக்கி வெச்சிருக்கே. வலிச்சாத்தான் அப்படிச் சுருக்குவே." போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாள் அதட்டினாள். "போ, போய் ஓடு!" பாப்பா சுவரோரம் போய் ஒற்றைக் காலில் நின்றாள்.  நோய் என்றால் மருந்து கேட்கலாம். தன்னையே பிள்ளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இவளும் வளர்ந்து, ஒரு கண்ணாடித் தரையில், இதே சிரிப்போடு... அந்த எண்ணத்தை அவளால் முடிக்க முடியவில்லை.

வழி கண்டது ஓட்டுநர்தான், அதுவும் தெரியாமல். வார விடுமுறை நாள். சோபாவில் சரிந்துகொண்டு அவன் புலம்பினான். "இத்தனை வருஷமா பஸ் பின்னாடி ஓடி வர்றவங்களைக் கண்ணாடியில பாக்கிறேன். குண்டு, ஒல்லி, கிழவன், கர்ப்பிணி, எல்லாரும் ஓடுறாங்க. ஓடாதவன் நான் ஒருத்தன்தான்."

"நிறுத்துவியாப்பா?" என்றாள் பாப்பா.

"யாரு ஓடி வர்றாங்கங்கிறதைப் பொறுத்தது."

"நான் வந்தா?"

 அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகி எழுந்து, வாசலுக்குப் போய், இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். "கடைசி பஸ்! கடைசி பஸ்! ஏறுறவங்க ஏறலாம்!" வாயாலேயே இன்ஜினை உறுமவிட்டுத் தெருவில் தொப்பை குலுங்க நகர ஆரம்பித்தான்.

எதிர்வீட்டுத் தையல்காரர் தலையை நீட்டினார். "என்ன டிரைவர், பஸ்ஸைப் புடுங்கிட்டாங்களா?"

"நீங்க ஏறலன்னா வழியை விடுங்கண்ணே, டைம் ஆகுது!"

அவள் வாசலில் நின்றாள். பாப்பா பக்கத்தில் நின்று அவளையே பார்த்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தாள். பிள்ளைகள் எப்போதும் அதைத்தான் பார்க்கின்றன.

"வலிக்குதாம்மா?"

இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை. "வலிக்குதுடி. உயிர் போற மாதிரி வலிக்குது. ஆனா பஸ்ஸு போகுதே, ஓடு!" என்று சொல்லிவிட்டுத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தியபடி ஓடினாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. வாத்து தண்ணீரைத் தேடிப் போவது போல இருந்தது. பின்னால் ஒரு குட்டிச் செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கிக் கேட்டது. பிறகு வேகம் எடுத்தது. பிறகு அவளைத் தாண்டிப் போனது.

வாசற்படியிலிருந்து அத்தை அலறினார். "ஐயோ விழுந்துடுவா, விழுந்துடுவா!"

"விழட்டும்க்கா!" என்று பஸ் திரும்பிக் கத்தியது. "டாக்டர் சொன்னது மறந்துடுச்சா? விழுந்தா தோல்தான் போகும்!"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் உள்ளே போகவில்லை.

பஸ் விளையாட்டு தொடர்ந்தது. ஓட்டுநரின் இடுப்பு அனுமதித்த மாலைகளில், அவள் கால்கள் அனுமதித்த மாலைகளில் மட்டும். இரண்டும் சேர்ந்து அனுமதிக்கும் மாலைகள் குறைவு. சில நாள் அவள் வாசற்படியில் உட்கார்ந்தபடியே டிக்கெட் கொடுத்தாள். அப்படி உட்கார்ந்த நாட்களில் பாப்பாவும் சீக்கிரமே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அதைக் கவனித்த நாளில்தான் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மாலைக்குக் கொஞ்சம் கால் மிச்சமிருக்க வேண்டுமானால் அதைப் பகலில்தான் சேமிக்க வேண்டும்.

மறுநாள் கண்ணாடி அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், மேல் அலமாரிக்கு ஏற ஒரு ஸ்டூல் இருக்குல்ல. கஸ்டமர் இல்லாத நேரத்துல அதுல கொஞ்சம்..."

"அது ஏறுறதுக்கும்மா. உக்காரறதுக்கு இல்ல."

"டாக்டர் சொல்லியிருக்காங்க சார். நரம்பு எல்லாம் புடைச்சிருக்கு."

"உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

பின்னால் பனியன் மேசையிலிருந்து வானொலியின் குரல் வந்தது. "நாளைக்கு எதுக்கு சார், இன்னிக்கே கேக்குறோம். கொக்கு ஒத்தைக் கால்ல நிக்குது. எங்களுக்கு ரெண்டு காலுமே போயிடுச்சு."

இரண்டு மூன்று மேசைகளில் சிரிப்பு அடங்கிக் கேட்டது. மேற்பார்வையாளர் சிவந்துபோனார். "வேலையைப் பாருங்க எல்லாரும். இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்துது, மேல சொல்லிடுவேன்."

எல்லோரும் கேட்பார்கள் என்று காரணம் சொல்லி மறுக்கிறவர்களை உலகம் முழுக்கப் பார்க்கலாம். எல்லோருக்கும் கால் இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் அந்த வார்த்தைகளில் ஒப்புக்கொள்கிறார்கள்.

அவள் மேசைக்குத் திரும்பினாள். வேலை போய்விடுமோ என்ற புதுப் பயம் பழைய பயத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. பள்ளியிலிருந்தும் நல்ல செய்தி இல்லை. தெருவில் அப்பாவின் பஸ் பின்னால் ஓடுகிறாள். மைதானத்தில் பாப்பா இன்னும் சுவரோரம்தான் என்றார் டீச்சர். அங்கே அவளுக்கு அது கடை. கடையில் ஓடக் கூடாது.

*

அது நடந்த நாளில் கடையில் நல்ல கூட்டம். அவள் அந்த ஸ்டூலில் ஏறி நின்று மேலிருந்து பெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது. விரல் நீண்டது.

"ஏம்மா. உன் பொண்ணு ஸ்கூல்ல இருந்து போன்."

பெட்டி அவள் கையிலிருந்து விழுந்தது. குட்டிச் சட்டைகள் தரையெங்கும் சிதறின. ஸ்டூல் பேச்சு எழுந்ததிலிருந்து அவர் அவளோடு பேசுவதே இல்லை. இப்போது கூப்பிடுகிறார் என்றால் சின்ன விஷயமாக இருக்காது. சின்னவன் ஞாபகம் வந்தது. எக்ஸ்ரேயில் தெரியாதது ஏதாவது? டாக்டருக்கும் தப்பு நேரலாமே? அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாளா குதித்தாளா என்று தெரியாது. வாடிக்கையாளர்களை இடித்துக்கொண்டு, பொம்மை ஒன்றைத் தள்ளிவிட்டு, அந்தப் பளபளத்த தரையில் ஓடினாள். அத்தனை வருடத்தில் அந்த மாடியில் ஓடிய முதல் விற்பனைப் பெண் அவள்தான்.

"ஹலோ! டீச்சர்! என்ன ஆச்சு?"

"பயப்படாதீங்கம்மா..."

"சொல்லுங்க டீச்சர்!"

"பாப்பா விழுந்துட்டா. ரெண்டு முட்டியும் நல்லாச் சிராய்ச்சுப் போச்சு. மருந்து போட்டாச்சு. ரத்தம் நின்னுடுச்சு. சாயங்காலம் பாத்துட்டு நீங்க பதறிடக் கூடாதேன்னுதான்..."

"விழுந்தாளா? எப்படி விழுந்தா? நின்னுட்டு இருந்தப்பவா?"

"நின்னுட்டு இருந்தா யாராவது விழுவாங்களா? ஓடும்போதும்மா. சுவரோரம் நின்னுட்டு இருந்தா. பசங்க யாரோ வரிசையா பஸ் ஓட்டிட்டுப் போனாங்க. திடீர்னு செருப்பைக் கழட்டி வீசிட்டு, ஹோல்டான் ஹோல்டான்னு கத்திக்கிட்டு ஓடினா பாருங்க, என்னால பிடிக்க முடியல. பந்து மேல கால் வெச்சு விழுந்துட்டா. எழுந்து மறுபடி ஓடினா. அதுல ஒரு தடவை விழுந்தா. அதான் ரெண்டு முட்டி."

அவள் ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா? இருக்கீங்களா? ரொம்ப அடி இல்லம்மா, அழாதீங்க."

"வலிக்குதுன்னு சொன்னாளா டீச்சர்?"

"சொன்னா. எங்க வலிக்குதுன்னு கேட்டேன். முட்டியில எரியுதுன்னு சரியாக் காட்டினா."

முட்டியில் எரிகிறது. அது பாப்பாவின் சொந்த வலி. யாரிடமும் கேட்டு வாங்காதது, ஓடிச் சம்பாதித்தது.

ரிசீவரை வைத்துவிட்டு அவள் ஓரடி பின்வாங்கினாள். பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. அதில் அப்படியே அமர்ந்தாள். மெத்தை வைத்த, சுழலும், கைப்பிடியுள்ள நாற்காலி. எது என்று யோசிக்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். வானொலியின் கையில் பாதி மடித்த பனியன் அப்படியே தொங்கியது. கதவருகே மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மாடியில் வேறு நாற்காலி இல்லை.

"ஏம்மா..." என்று ஆரம்பித்தார்.

அவள் தலைப்பை விலக்கி அவரைப் பார்த்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்தது. பயமாகவும் இருந்தது. வேலை, வாடகை, பாப்பாவின் பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள். "பொண்ணு விழுந்துட்டா."

"அய்யோ, அடி பலமா?"

"இல்ல சார். ஓடும்போது."

அவருக்குப் புரியவில்லை. அவர் கால் மாற்றி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கால் மாற்றினார்.